ஆறாம் வகுப்பில் திறக்கிற ஃபைல்: கொரோனாவுக்குப் பிறகு கல்லூரி விண்ணப்பம்

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலிருந்தே வாசலில் செருப்பு குவியும். அப்படி ஒரு காலையில் ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் மார்க் ஷீட். மழைக்கும் மீன் தண்ணிக்கும் பயந்து அப்படித்தான் இங்கே எல்லாரும் வைத்திருப்பார்கள்.

"தம்பி, புள்ள நல்ல மார்க்கு எடுத்துருக்கு. காலேஜ்ல போட்டு விடு."

நல்ல மார்க்தான். ஆனால் நான் முதலில் கேட்டது மார்க்கை இல்லை. "ஆறாவதுல இருந்து எந்தப் பள்ளிக்கூடம்? நடுவுல எங்கயும் மாத்துனீங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மா மகளைப் பார்த்தார், மகள் என்னைப் பார்த்தாள்.

"அது எதுக்குத் தம்பி இப்ப?"

அந்த 'எதுக்கு'க்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போகாமல், முதல் ஆளாகப் போகப்போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படிக்கவேண்டும் என்று அடியிலிருந்து சொல்கிறேன். 2020க்கு முன்னால் விண்ணப்பம் என்றால் ரிசல்ட் வந்த பிறகு தொடங்குகிற ஒரு வாரத்து வேலை. மார்க் ஷீட்டும் ஒரு பேனாவும் போதும். கொரோனாக் காலத்தில் ஒரு வருஷம் பிளஸ் டூ பரீட்சையே நடக்கவில்லை. பரீட்சை இல்லாதபோது ஒரு பிள்ளையை எதை வைத்து எடை போட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், இன்றைக்குப் பழைய காகிதங்களுக்கெல்லாம் ஏன் இவ்வளவு மரியாதை என்று பிடிபடும்.

முதலில் கட்-ஆஃப்

இந்தச் சொல்லை எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் இரண்டு அர்த்தத்தில் சொல்கிறார்கள். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒன்று, பிள்ளையின் கட்-ஆஃப். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கையிலிருந்து கிடையாது. பிளஸ் டூ மார்க்கில் கணிதத்தை 100க்கும், இயற்பியலை 50க்கும், வேதியியலை 50க்கும் எடுத்துக் கூட்டுவார்கள். மொத்தம் 200. கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 என்றால் 90, 40, 42 கூட்டி 172. தமிழ், ஆங்கில மார்க் இதற்குள் வராது. அரசு கலைக் கல்லூரியில் கணக்கு வேறு. அங்கே மொழிப் பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களை 400க்குப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழ் கேட்டால் தமிழ் மார்க்கைப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, கல்லூரியின் கட்-ஆஃப். போன வருஷம் அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்பில் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளை என்ன வைத்திருந்தது என்பது. இதை யாரும் முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. அந்த வருஷம் யார் யார் போட்டியிட்டார்கள் என்பதைப் பொறுத்துத் தானாக விழுகிற எண். "அந்தக் காலேஜ்ல 172 கேக்குறாங்களாம்" என்று சொல்வதே தப்பு. யாரும் கேட்கவில்லை; போன வருஷம் 172 வரை வந்து நின்றது, அவ்வளவுதான்.

பரீட்சை இல்லாத வருஷம்

2020-ல் பிளஸ் டூ பிள்ளைகள் மயிரிழையில் தப்பித்தார்கள். மார்ச் 24 கடைசிப் பரீட்சை. பஸ் ஓடாமல் அன்றைக்கு வர முடியாமல் போனவர்களுக்கு மட்டும் ஜூலை 27-ல் திரும்ப வைத்தார்கள். பத்தாம் வகுப்புக்குத்தான் பரீட்சையே நடக்கவில்லை. ஜூன் 9-ல் ரத்து என்று அறிவித்து, காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 விழுக்காடு, பள்ளிக்கு வந்த நாள் கணக்கிலிருந்து 20 விழுக்காடு என்று போட்டார்கள். காலாண்டுப் பரீட்சையை அதுவரை யார் மதித்தார்கள்? செப்டம்பர் மாதத்து விடைத்தாள் ஜூன் மாதத்தில் வந்து தலையெழுத்தை எழுதும் என்று எந்தப் பிள்ளையும் நினைத்திருக்காது.

பெரிய கூத்து 2021-ல். ஜூன் 5-ஆம் தேதி பிளஸ் டூ தேர்வு ரத்து என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அதன் பிறகு ஒரு சூத்திரம் வந்தது. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50. பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20. பிளஸ் டூ செய்முறையும், பள்ளியே போடுகிற அகமதிப்பீடும் சேர்த்து 30. ஜூலை 19-ல் ரிசல்ட். எல்லாரும் பாஸ்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு பிள்ளையின் கணித மார்க்கை மட்டும் இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்போம், அப்போதுதான் உள்ளே என்ன நடந்தது என்று தெரியும்.

பத்தாவதில் அவன் தமிழில் 92, சமூக அறிவியலில் 90, அறிவியலில் 82, ஆங்கிலத்தில் 70, கணிதத்தில் 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள மூன்றின் சராசரி 88. அதில் பாதி 44. பிளஸ் ஒன் கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90க்கு 45. அதை 20க்கு மாற்றினால் 10. கணிதத்துக்குச் செய்முறை கிடையாது, அதனால் அகமதிப்பீட்டின் 10 மார்க்கையே 30 ஆக ஊதினார்கள். அவனுக்கு 9 போட்டிருந்தால் 27. ஆக 44, 10, 27. மொத்தம் 81.

கணிதத்தில் 58 எடுத்து, அடுத்த வருஷம் பாதி மார்க் எடுத்த பையனுக்குப் பிளஸ் டூ கணிதத்தில் 81. அந்த 44-ல் கணிதம் ஒரு மார்க்கூட இல்லை. தமிழும் சமூக அறிவியலும் அறிவியலும் சேர்ந்துதான் அவனுக்குக் கணித மார்க் போட்டுக் கொடுத்தன. அதே 44 அவனுடைய ஆறு பாடத்திலும் அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு பிள்ளை. பத்தாவதில் ஏதோ காரணத்தால் சறுக்கிவிட்டாள். நல்ல மூன்று பாடங்களே 70, 66, 62. சராசரி 66, பாதி 33. ஆனால் பிளஸ் ஒன்னில் உட்கார்ந்து படித்தாள், கணிதத்தில் 90க்கு 81. அது 18 ஆகிறது. அகமதிப்பீடு முழுசாக 10, அதாவது 30. மூன்றையும் கூட்டுங்கள். அவளுக்கும் 81.

இரண்டு பேரும் பொறியியல் கலந்தாய்வில் ஒரே கணித மார்க்கோடு நின்றார்கள். தப்பு யார் மேலும் இல்லை. ஊர் முழுக்க ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோது பிள்ளைகளைப் பரீட்சைக் கூடத்தில் அடைக்க முடியாது, அது சரியான முடிவு என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த எண்ணை மற்ற வருஷத்து எண்ணோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அந்த வருஷம் கட்-ஆஃப் எல்லாம் மேலே ஏறியதற்கும் இதுதான் காரணம். இப்போதும் சில வாட்ஸாப் குரூப்பில் 2021 கட்-ஆஃப் பட்டியல் சுற்றுகிறது. வந்தால் அழித்துவிடுங்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அந்த 100 மார்க்கில் 50, 2019 மார்ச்சில் எழுதிய பத்தாம் வகுப்புப் பரீட்சை. 20, ஊரடங்குக்கு முன்னால் 2020 மார்ச்சில் எழுதிய பிளஸ் ஒன் பரீட்சை. ஆக 70 மார்க், கொரோனா இந்தக் கரைக்கு வருவதற்கு முன்னாலேயே முடிந்துபோன கதை. பிளஸ் டூ படிக்கிற வருஷம் முழுக்க ஒரு பிள்ளை இரவு பகலாகப் படித்திருந்தாலும், கையில் இருந்தது மிச்சம் 30 மட்டும்தான். அதுவும் பள்ளி போடுகிற மார்க்.

அந்த 30-க்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் 2021 ஜனவரி 19-ல்தான் திறந்தது. இடையில் பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் வாட்ஸாப்பிலும் போனது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு டச் ஃபோன். அது அப்பாவின் சட்டைப் பையில் கடலுக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு பையன், தெற்குக் கடல் பக்கத்துத் தெரு, அந்தப் பத்து மாதமும் மாமாவோடு நண்டு வலைக்குப் போனான். விடிகாலை மூன்று மணிக்கு வள்ளத்தில் ஏறினால் வலையை வாங்கி, நண்டைக் கழற்றி, கம்பெனியில் எடை போட்டு வீட்டுக்கு வரப் பத்து மணி ஆகும். வகுப்பு வாட்ஸாப்பில் வந்த ஒப்படைப்பை எல்லாம் இரவு பக்கத்து வீட்டு அக்காவின் ஃபோனில் பார்த்துக் காப்பி பண்ணுவான். சிலது விட்டுப்போனது. அவன் அகமதிப்பீட்டில் 10க்கு 7 என்றால் அது மூன்று மார்க் போனதாக முடியவில்லை. முப்பதுக்கு 21 ஆகி, ஒன்பது மார்க் போனது.

பரீட்சை 2022-ல் திரும்ப வந்துவிட்டது, குறைத்த பாடத்திட்டத்தோடு மே மாதத்தில். அதன் பிறகு எல்லாம் பழையபடி. ஆனால் அகமதிப்பீட்டை "சும்மா போடுவாங்க" என்று சொல்கிற பழக்கத்தை இங்கே ஆசிரியர்களும் விட்டார்கள், பெற்றவர்களும் விட்டார்கள். பத்தாம் வகுப்பு மார்க்கையும் அப்படித்தான். அது பாலிடெக்னிக்குக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம்.

பத்தாம் வகுப்பு என்றதும் 2021 செட் ஞாபகம் வருகிறது, பாவம். அவர்களுக்கும் பரீட்சை இல்லை, சூத்திரமும் இல்லை. மார்க் ஷீட்டில் மார்க்கே கிடையாது, 'தேர்ச்சி' என்று மட்டும் இருந்தது. அவர்களில் ஒரு பெண் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து ஆளெடுக்கிற வேலை ஒன்றுக்கு என் கடையில் விண்ணப்பம் போட வந்தாள். ஐந்து பாடத்துக்கும் கட்டம் கட்டமாக மார்க் கேட்டது. அரை மணி நேரம் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். "அண்ணே, பாஸ்னு டைப் பண்ணிப் பாருங்கண்ணே" என்றாள். எண்ணைத் தவிர எதையும் அந்தக் கட்டம் வாங்கிக்கொள்ளவில்லை.

கடல் தாண்டி என்ன செய்தார்கள்

நாம் மட்டும்தான் திணறினோம் என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் 2020-ல் பள்ளி இறுதித் தேர்வு ரத்தானபோது, ஆசிரியர்கள் கொடுத்த கணிப்பை ஒரு கணினி நிரல் திருத்தியது. அந்தத் திருத்தத்தில் அந்தப் பள்ளி முந்தைய வருஷங்களில் எப்படி மார்க் வாங்கியது என்பதும் சேர்ந்தது. கிட்டத்தட்ட 40 விழுக்காடு கிரேடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் கீழே இறங்கின. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 17-ல் அரசு பின்வாங்கி ஆசிரியர் கணிப்பையே ஏற்றுக்கொண்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர்ச் சூத்திரத்தை நான் எவ்வளவு திட்டினாலும் அது பிள்ளையின் சொந்தப் பழைய மார்க்கைத்தான் எடுத்தது. பள்ளியின் பழைய பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தனக்கு முன்னால் ஐந்து வருஷம் அங்கே படித்து ஃபெயிலானவர்களின் கணக்கையும் சேர்த்துச் சுமந்திருக்கும்.

அமெரிக்காவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே கல்லூரிக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்று பொதுத் தேர்வுகள் உண்டு. 2020-ல் தேர்வு மையங்கள் மூடிவிட்டதால், பெரும்பாலான கல்லூரிகள் "மார்க் இருந்தால் கொடு, இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்றன. பள்ளியில் நான்கு வருஷம் வாங்கிய மார்க்குக்கும், பிள்ளை எழுதுகிற கட்டுரைக்கும், ஆசிரியர் கொடுக்கிற பரிந்துரைக் கடிதத்துக்கும் எடை கூடியது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் அந்தத் தேர்வுகளை ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டது. எம்.ஐ.டி. 2022-ல் திரும்பக் கேட்கத் தொடங்கியது. டார்ட்மத், யேல், ஹார்வர்ட் எல்லாம் 2024-ல் அதே வழிக்கு வந்தன. தேர்வு மார்க் இல்லாமல், வசதி குறைந்த பள்ளியிலிருந்து வருகிற நல்ல பிள்ளையை அடையாளம் காண்பது கஷ்டமாக இருக்கிறது என்று டார்ட்மத் காரணம் சொன்னது. ஏழைப் பிள்ளைக்குத் தேர்வு பாரமா, துணையா என்ற சண்டை நமக்கும் பழக்கமானதுதான்.

அங்கே நடந்ததில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் என்கிற விண்ணப்பத்தில், கொரோனா உன்னையும் உன் வீட்டையும் எப்படிப் பாதித்தது என்று எழுத 250 சொல்லுக்குத் தனி இடம் விட்டார்கள். எழுதினால் எழுதலாம், கட்டாயமில்லை. எங்கள் நண்டு வலைப் பையனுக்கு அப்படி ஓர் இடம் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பான் என்று யோசிப்பேன். நம் விண்ணப்பத்தில் எண், சாதி, வருமானம், பின்கோடு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. விடிகாலை மூன்று மணிக்குக் கட்டம் கிடையாது. ஆனால் 250 சொல்லை நிர்வாகத்துக்குப் பிடித்த மாதிரி எழுதிக்கொடுக்க நகரத்தில் உடனே ஒரு டியூஷன் சென்டர் திறந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஓடிபி வந்த கதை

சேர்க்கையில் கொரோனா போட்ட புதுப் பாதையில் இன்றைக்கும் எல்லாரும் நடப்பது ஆன்லைன்தான். பொறியியல் கலந்தாய்வு 2018-லேயே ஆன்லைனுக்கு வந்துவிட்டது. 2020-ல் சான்றிதழ் சரிபார்ப்பும் ஸ்கேன் செய்து ஏற்றுகிற வேலையாக மாறியது. அதே வருஷம்தான் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் மாநிலம் முழுக்க ஒரே இணையதளம் வந்தது. அதற்கு முன்னால் இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரிக்கு ஒரு நாள், பரமக்குடிக்கு ஒரு நாள் என்று பஸ் ஏறி, வரிசையில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் தனி ஃபாரம் வாங்கவேண்டும். பாம்பனிலிருந்து போகிற பெண் பிள்ளைக்குத் துணைக்கு ஓர் ஆள், இரண்டு பேருக்கும் சாப்பாடு, ஒரு நாள் கூலி. இப்போது உட்கார்ந்த இடத்தில் 50 ரூபாயில் முடிகிறது. இது உண்மையிலேயே நல்லது, பெண் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது.

ஆனால் பஸ் செலவு போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. விண்ணப்பத்தில் கொடுக்கிற ஃபோன் நம்பர்.

ஒரு பெண்ணுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்திருந்தது. அதை இத்தனை நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். அவளுக்கு பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மாற்றவேண்டும் என்றால் ஓடிபி. விண்ணப்பத்தில் கொடுத்த நம்பர் அப்பாவுடையது. அப்பா அன்றைக்குக் காலையில் டோக்கன் வாங்கி விசைப்படகில் போய்விட்டார், மறுநாள் காலையில்தான் கரை. ஃபோன் அடித்தால் "தொடர்பு எல்லைக்கு வெளியே". உண்மையில் அவர் எல்லைக்கு வெளியேதான் இருந்திருப்பார், அது வேறு கதை. மறுநாள் விடிந்ததும் அவள் ஜெட்டிக்கே போய் நின்றாள். படகு கட்டியதும் ஃபோனை வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள், ஃபோன் முழுக்கச் செதிலும் ஐஸ் தண்ணியும். சார்ஜ் இரண்டு விழுக்காடு. நான் சார்ஜரைச் செருகி, நம்பரைக் கேட்டு, அடித்து, உறுதி செய்து முடித்தபோது கெடுவுக்கு இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது.

அன்றிலிருந்து என் கடையில் ஒரு சட்டம்: நம்பர் அம்மாவுடையது அல்லது பிள்ளையுடையது. பாஸ்வேர்டை மார்க் ஷீட் ஜெராக்ஸின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுப்பேன். பாதுகாப்பு இல்லை என்று படித்தவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஃபோனுக்கு அடுத்த தலைவலி பெயர். நேரில் போன காலத்தில் கல்லூரி எழுத்தர் முகத்தைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். ஸ்கேன் செய்த காகிதத்துக்கு முகம் கிடையாது. ஆதாரில் ஒரு எழுத்து, மாற்றுச் சான்றிதழில் ஒரு எழுத்து, இனிஷியல் ஒன்றில் முன்னால் ஒன்றில் பின்னால் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவையில் போட்டுக் கையில் வர நாளாகும். ரிசல்ட் வந்த பிறகு ஊரே ஒரே நேரத்தில் கேட்கும். இதையெல்லாம் பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையிலேயே முடித்துவிடலாம், தடை ஒன்றும் இல்லை.

சாய்ஸ் ஃபில்லிங் என்கிற வரிசை போடுகிற வேலைக்குத் தனிக் கட்டுரையே வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். பொறியியல் பட்டியலில் எது வேண்டுமோ அதை மேலே போடவேண்டும். எது கிடைக்கும் என்று தோன்றுகிறதோ அதை மேலே போட்டால் அதுவே கிடைத்துத் தொலைக்கும். ஒரே கட்-ஆஃபில் இரண்டு பேர் நின்றால் கணித மார்க், இயற்பியல் மார்க் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறந்த தேதி பார்த்து, கடைசியில் ரேண்டம் எண் வரை போவார்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்

ஆறாம் வகுப்பு எதற்கு என்றால், 7.5 விழுக்காட்டுக்காக. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று அதை விரித்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளையின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கொரோனாவால் வந்த திட்டம் இல்லை இது. நீட் தேர்வால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவத்துக்குள் போக முடியாமல் போனதற்கு மருந்தாக வந்தது. ஆனால் கொரோனா வருஷத்திலேயே வந்ததால் இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டன.

எப்படி என்றால், அந்த இரண்டு வருஷத்தில் கையில் காசு இல்லாமல் ஏராளமானவர்கள் தனியார் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்து அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். 2020-ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2027-ல் பிளஸ் டூ முடிக்கும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, ஒதுக்கீடு உண்டு. அதன் அண்ணன் அதே நாளில் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்ந்திருந்தால் ஆறாவது மட்டும் தனியார். ஒரே ஒரு வருஷம். அவனுக்கு ஒதுக்கீடு இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை இலவசமாகப் படித்து, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மட்டும் வழி விட்டிருக்கிறார்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் கரையில் பல பள்ளிகள் சர்ச்சோ ஜமாஅத்தோ நடத்துகிற அரசு உதவி பெறும் பள்ளிகள். சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, சைக்கிள் அரசு கொடுக்கிறது, அதனால் அரசுப் பள்ளி என்றே எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். 7.5-க்கு அது கணக்கில் வராது. அந்த மஞ்சள் பை அம்மாவின் மகள் படித்தது அப்படிப்பட்ட பள்ளியில்தான். நான் சொன்னதும் அவர் முகம் விழுந்தது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டத்தை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரித்துவிட்டார்கள் என்று சொன்னபோது கொஞ்சம் நிமிர்ந்தார். மீன்வளப் படிப்பில் மீனவர் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் இருப்பதையும் அப்போதுதான் கேள்விப்பட்டார். தூத்துக்குடியில் 1977-லிருந்து மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கடலிலேயே பிறந்து வளர்ந்த வீட்டில் அந்தப் படிப்பின் பெயர் தெரியாமல் இருந்தது.

மற்ற படிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவத்துக்கு அன்றும் இன்றும் நீட், 720 மார்க். கொரோனா அதில் தேதியை மாற்றியது, 2021-லிருந்து சில கேள்விகளில் சாய்ஸும் கொடுத்தார்கள், 2025-ல் அதை எடுத்துவிட்டார்கள். இராமநாதபுரத்திலேயே 100 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாகிவிட்டது. ஐ.ஐ.டி. பக்கம் பிளஸ் டூவில் 75 விழுக்காடு வேண்டும் என்கிற நிபந்தனையைக் கொரோனா வருஷங்களில் தளர்த்தியிருந்தார்கள். 2023-ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள்தான் தலைகீழாக மாறின. 2021-ல் ஒவ்வொரு வாரியமும் ஒவ்வொரு சூத்திரத்தில் மார்க்கைப் போட்டதில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் சில படிப்புகளுக்குக் கட்-ஆஃப் 100 விழுக்காட்டில் வந்து நின்றது. அதற்கு மேல் போக எண் இல்லை. பொது நுழைவுத் தேர்வு யோசனை பழையது என்றாலும், 2022-ல் க்யூட் என்கிற அந்தத் தேர்வைக் கட்டாயமாக்க இது நல்ல சாக்காக அமைந்தது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் அதே வழிதான், தமிழிலும் எழுதலாம். தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரலில் இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு நியாயம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் தேர்வு நடக்கிற வரைக்கும் விண்ணப்பிக்கிற கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் ரிசல்ட் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே விண்ணப்பம் மூடிவிடும். மே மாதம் வந்து கேட்கிற பிள்ளைக்கு நான் சொல்ல ஒன்றும் இருக்காது.

பிளஸ் ஒன் பொதுத் தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், எனக்கும்தான். ஆனாலும் என் புத்தி 2021-லேயே நிற்கிறது. இன்னொரு தொற்று வந்து பரீட்சை நின்றால் அந்த 20 மார்க்குக்கு எதை எடுப்பார்கள் என்று யோசிக்கும். அதனால் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகள் ரேங்க் கார்டை லேமினேட் பண்ண வந்தால் காசு வாங்குவதில்லை.

கடைசியாகக் கடை நேரம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், அப்பாக்களும் கரையில் இருப்பார்கள், ஃபோனும் கரையில் இருக்கும். கலந்தாய்வு விண்ணப்பமும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் திறக்கிறது. ஜூன் 14 ராத்திரிக்குள் வந்துவிடுங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஆனால் சிம் கார்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.